தீப்பெட்டிக்குள் இரண்டு ஈக்கள்

(குறுவள மைய அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கநிலை ஆசிரியர்களும் உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் கூட்டம் இது. எனக்கு அரை மணி நேரம் தந்திருக்கிறார்கள். நான் பேசப்போவது ஈக்களைப் பற்றி. மதிய உணவுக்குச் சற்று முன்னால் இப்படி ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள்.

என் வகுப்பில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் 'விலங்குலகம்' பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இருசொற் பெயரிடும் முறையை விளக்கிவிட்டு, எடுத்துக்காட்டாக வீட்டு ஈயின் அறிவியல் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். மஸ்கா டொமஸ்டிகா. மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி என்னிடம் தீப்பெட்டி ஒன்றை நீட்டினாள். உள்ளே செத்துப்போன இரண்டு ஈக்கள்.

"சார், இது ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?"

நான் பெட்டியை வாங்கி ஒரு பார்வை பார்த்தேன். "ரெண்டும் வீட்டு ஈதாம்மா" என்றேன்.

"இல்ல சார், இது எங்க மாட்டுக் கொட்டகையில இருந்தது. இது கடிக்கும். மாட்டையும் கடிக்கும், என்னையும் கடிச்சிருக்கு."

"வீட்டு ஈ கடிக்காதும்மா. அதுக்கு உறிஞ்சும் வாய்தான் இருக்கு. வேற ஏதாவது கடிச்சிருக்கும். போய் உட்காரு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். தேர்வில் மஸ்கா டொமஸ்டிகா என்று சரியாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கினாள். அதன்பிறகு என்னிடம் எதையும் எடுத்துவரவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு பயிற்சிக்காகப் பூச்சிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. பார்ப்பதற்கு அப்படியே வீட்டு ஈ. ஆனால் தலைக்கு முன்னால் ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும் வாய். ஸ்டோமாக்சிஸ் கால்சிட்ரான்ஸ் என்று பெயர் போட்டிருந்தது. தொழுவங்களில் வாழும் ஈ. ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும். கால்நடைகளை ஓயாமல் கடித்துத் தொல்லை கொடுக்கும். வீட்டு ஈக்கு 1758-இல் பெயர் வைத்த அதே லின்னேயஸ்தான் அதே ஆண்டு இதற்கும் தனிச் சிற்றினப் பெயர் வைத்திருக்கிறார். என் மாணவி இரண்டையும் ஒரே தீப்பெட்டியில் வைத்து, வாழிடம், நடத்தை என்ற இரண்டு சான்றுகளோடு என் மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். லென்ஸ் எடுத்து ஒரு நிமிடம் பார்க்காமல் அவளை உட்காரச் சொன்னவன் நான்.

அந்தக் குற்ற உணர்வில்தான் ஈக்களைப் பற்றித் தொடர்ந்து படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்தபோது கிடைத்த ஓர் ஆய்வைத்தான் இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன். அது சிங்கப்பூரில் நடந்தது.

சிங்கப்பூர் எவ்வளவு பெரிய தீவு? ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதைப்போல இரண்டு மடங்குகூட இல்லை. அதிலும் பெரும்பகுதி கட்டடங்களும் சாலைகளும்தான். நடுவில் கொஞ்சம் காடு, ஓரங்களில் கொஞ்சம் அலையாத்தி. இயற்கை ஆய்வாளர்கள் அதிகம் நடமாடிய இடம்தான் அது. 1854-இல் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் அங்கே புக்கிட் தீமா பகுதியில் தங்கி, இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றில் பெரும்பாலானவை ஒரு சதுர மைல் அளவுள்ள காட்டில் கிடைத்தவை. அப்படிப்பட்ட ஊரில் இனிமேல் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கப்போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அண்மையில் வெளிவந்த ஓர் ஆய்வு அந்தத் தீவில் பூஞ்சை ஈக்கள் என்ற ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. மைசெட்டோஃபிலிடே என்பது குடும்பப் பெயர். சில மில்லிமீட்டர் நீளம், கூன் விழுந்த முதுகு, மெலிந்த நீண்ட கால்கள். இவற்றின் இளவுயிரிகள் பெரும்பாலும் காளான்களிலும் பூஞ்சை படர்ந்த மரத்திலும் வளர்கின்றன. இந்த ஒரு குடும்பத்தில் மட்டும், அந்தச் சின்னத் தீவில், அறிவியலுக்கே புதிய சிற்றினங்கள் 115 கிடைத்திருக்கின்றன.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒவ்வொரு படியும் நம் வகுப்பறைக்கு உதவும்.

முதல் படி, பிடிப்பது. இதற்கு மலேஸ் பொறி என்று ஒன்று உண்டு. மலேஸ் என்பது ஊர்ப்பெயர் அல்ல, ஆளின் பெயர். ரெனே மலேஸ் என்ற சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர். கூடாரத்துக்குள் நுழையும் பூச்சிகள் வெளியேற வழி தேடி மேல்நோக்கிப் போய், உச்சி மூலையில் சேர்வதை அவர் கவனித்தார். அந்த மூலையில் ஒரு குப்பியை வைத்தால் என்ன என்று யோசித்தார். 1934-இல் பர்மாவுக்குச் சென்ற பயணத்தில் அந்தப் பொறியைப் பயன்படுத்திப் பார்த்தார். வலைத்துணியால் ஒரு கூடாரம், உச்சியில் ஆல்கஹால் நிரப்பிய குப்பி, அவ்வளவுதான். இன்றும் உலகம் முழுவதும் இதுவே பயன்படுகிறது. சிங்கப்பூரில் மழைக்காடு, சதுப்புக் காடு, அலையாத்திக் காடு என்று பல வாழிடங்களில் இந்தப் பொறிகளை வைத்தார்கள்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. குப்பிகளில் விழும் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி எள்ளளவு ஈக்கள். ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் வைத்து இது எந்தச் சிற்றினம் என்று சொல்லக்கூடிய வல்லுநர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. அதனால் பல அருங்காட்சியகங்களில் ஈக்கள் குப்பியிலேயே கிடக்கின்றன. உயிரியலில் ஈக்களின் வரிசையை டிப்டெரா, அதாவது இரு சிறகிகள், என்கிறோம். கொசுவும் இந்த வரிசைதான். பெயர் வைக்கப்பட்ட இரு சிறகிகள் மட்டுமே ஒன்றரை லட்சம் அளவில் இருக்கின்றன. பெயர் வைக்கப்படாதவை எத்தனை என்பதை இந்தத் தீவின் கணக்கை வைத்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது படி, டி.என்.ஏ. வரிக்குறியீடு. கடையில் சோப்பு வாங்கினால் அட்டையில் கருப்பு வரிகள் இருக்கின்றனவே, அந்த உவமைதான். 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் இந்த யோசனையை முன்வைத்தார்கள். விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதியின் ஒரு பகுதிக்கான மரபணு இருக்கிறது. அதில் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை மட்டும் படித்தால், பெரும்பாலான விலங்குகளைச் சிற்றின அளவில் பிரித்தறியலாம் என்றார்கள். எழுத்து என்றால் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்று நாம் பத்தாம் வகுப்பில் நடத்தும் அதே நான்கு காரங்கள்தான்.

ஏன் குறிப்பாக இந்த மரபணு? உயிரினம் சுவாசிக்க இது தேவை என்பதால் ஏறத்தாழ எல்லா விலங்குகளிலும் இருக்கிறது. ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பல இருப்பதால், சின்ன ஈயின் உடலிலிருந்தும் போதுமான அளவு கிடைக்கும். ஒரே சிற்றினத்துக்குள் எழுத்துகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். வேறு சிற்றினம் என்றால் குறிப்பிடத்தக்க அளவு மாறியிருக்கும். பொதுவாக 2 முதல் 3 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் வேறு சிற்றினமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். 'சந்தேகிக்கிறார்கள்' என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது படி, ஆயிரக்கணக்கான ஈக்களை எப்படிக் குறைந்த செலவில் படிப்பது என்பது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் மையரின் ஆய்வகம் இதில் முக்கியப் பங்காற்றியது. அமிர்தா ஸ்ரீவத்சன் போன்ற ஆய்வாளர்கள் அங்கே இதற்கான முறைகளையும் மென்பொருளையும் உருவாக்கினார்கள். 658 எழுத்துக்குப் பதில் அதே மரபணுவில் 313 எழுத்துள்ள சிறிய துண்டைப் படித்தாலே பெரும்பாலும் போதும் என்று காட்டினார்கள். ஈயை அரைத்துக் கூழாக்கவும் தேவையில்லை. கரைசலில் ஊறவைத்து டி.என்.ஏ.வை எடுத்துக்கொண்டு, உடலை அப்படியே பத்திரப்படுத்தலாம்.

அடுத்துச் செய்வது நமக்கு நன்றாகப் பழகிய வேலை. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருக்கிறீர்கள். முகப்புத் தாளைக் கிழித்தெடுத்த பிறகு யாருடைய விடைத்தாள் என்று நமக்குத் தெரியாது. ஆனாலும் கடைசியில் மதிப்பெண் சரியான மாணவருக்குப் போய்ச் சேர்கிறது. காரணம், தாளில் இருக்கும் குறியீடு. அதேபோல, பாலிமரேஸ் சங்கிலி வினை மூலம் ஒவ்வொரு ஈயின் மரபணுத் துண்டையும் பெருக்கும்போதே, அதன் முனையில் அந்த ஈக்கு மட்டும் உரிய சில எழுத்துகளை ஒட்டிவிடுகிறார்கள். பிறகு எல்லாத் துண்டுகளையும் ஒரே குழாயில் கலந்து ஒரே தடவையில் படித்துவிடுகிறார்கள். முனையில் உள்ள குறியீட்டை வைத்து எது எந்த ஈ என்று கணினி பிரித்துக் கொடுத்துவிடுகிறது. தனித்தனியாகப் படிப்பதைவிடச் செலவு பல மடங்கு குறைகிறது. இப்போது உள்ளங்கையில் அடங்கும் கருவிகளிலேயே இதைப் படிக்க முடிகிறது.

நான்காவது படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வழக்கமாக வல்லுநர் முதலில் உருவத்தை வைத்துப் பூச்சிகளைப் பிரிப்பார். சந்தேகம் வந்தால் மட்டும் டி.என்.ஏ.வைப் பார்ப்பார்கள். இங்கே அதைத் தலைகீழாக மாற்றினார்கள். முதலில் எல்லா ஈக்களின் வரிக்குறியீட்டையும் படித்துக் குழுக்களாகப் பிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு குழுவிலும் சில ஈக்களை எடுத்து, வல்லுநரிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். பூஞ்சை ஈக்களைப் பொறுத்தவரை அந்த வேலையை முன்னின்று செய்தவர் பிரேசில் நாட்டு வகைப்பாட்டியலர் டால்டன் டி சோசா அமோரிம். இறக்கை நரம்புகளின் அமைப்பு, ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் ஆகியவற்றைப் பார்த்து, குழு சரியா என்று உறுதிசெய்து, விவரித்துப் பெயர் வைத்தார்கள்.

அப்படியானால் இயந்திரமே சொல்லிவிட்டதே, மனிதர் எதற்கு என்று கேட்கலாம். என் மாணவர்களும் கேட்டார்கள். வரிக்குறியீடும் ஏமாற்றும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருகிறது. ஆகவே அது சொல்வது தாய்வழிக் கதையை மட்டும்தான். அண்மைக் காலத்தில் பிரிந்த இரண்டு சிற்றினங்களுக்கு ஒரே வரிக்குறியீடு இருக்கலாம். பூச்சிகளின் உடலில் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் தாய்வழியாகப் பரவி, இந்தக் கணக்கைக் குழப்பக்கூடும். அதனால்தான் 'சந்தேகிக்கிறார்கள்' என்றேன். உருவமும் எழுத்தும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பிக்கை கூடுகிறது. இரண்டும் முரண்பட்டால் இன்னும் சில ஈக்களை எடுத்து மறுபடியும் பார்க்கிறார்கள்.

இதே தீவில் நடந்த இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் வெளியானது. சிங்கப்பூரின் பல வாழிடங்களில் பிடித்த ஏறத்தாழ 1,40,000 பூச்சிகளை வரிக்குறியீட்டால் பிரித்தபோது சுமார் 8,500 சிற்றினங்கள் கிடைத்தன. அதில் வியப்பு என்னவென்றால், அலையாத்திக் காட்டில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கும் மேல் வேறு வாழிடங்களில் கிடைக்காதவை. அலையாத்தியில் மர வகைகள் குறைவு, ஆகவே பூச்சி வகைகளும் குறைவாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் அங்குள்ள சேற்றில் வளர்ந்து, மற்ற சிற்றுயிர்களை வேட்டையாடும் இளவுயிரிகளைக் கொண்ட பூச்சிகள் அவ்வளவு நிறைந்திருந்தன. எண்ணிப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியவில்லை. எண்ணாமலே அந்தச் சேற்றை மூடிக் கட்டடம் கட்டியிருந்தால், என்ன அழிந்தது என்றுகூடத் தெரிந்திருக்காது.

பிரித்தறிவதால் மனிதருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அதுவும் ஒரு தீவுதான், இராமேஸ்வரம். அனாபிலஸ் குலிசிபேசிஸ் என்ற கொசு இந்தியாவில் மலேரியாவைப் பரப்பும் முக்கியக் கொசுக்களில் ஒன்று. ஒரே கொசு என்று நினைத்தது, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் பல சிற்றினங்களின் கூட்டு என்று பின்னர் தெரிந்தது. ஏ, பி, சி, டி என்று எழுத்துகளால் குறித்தார்கள். இவற்றில் பி மலேரியாவைப் பரப்புவதில் மிகவும் பலவீனமானது. ஆனால் இராமேஸ்வரத்தில் பி என்று கருதப்பட்ட கொசுக்களிடையே மலேரியா ஒட்டுண்ணியைச் சுமந்தவை இருந்தன. ஆண் கொசுக்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தபோது அதில் இரண்டு வடிவங்கள் தெரிந்தன. பி-யோடு ஐந்தாவதாக இன்னொரு சிற்றினம் கலந்திருந்தது. 1999-இல் அதற்கு இ என்று பெயர் கொடுத்தார்கள். நோயைப் பரப்பியது அதுதான். எல்லாம் கொசுதானே என்று விட்டிருந்தால், எந்தக் கொசுவை எதிர்த்துப் போராட வேண்டும் என்பது தெரியாமலே போயிருக்கும்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். நம் பள்ளியில் டி.என்.ஏ. படிக்கும் கருவி இல்லை. பாசிமணி இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு நிறங்கள், நான்கு காரங்களுக்கு. நூலில் முப்பது மணிகள் கோத்து ஆறு சரங்கள் செய்தேன். ஆறு ஈக்களின் படங்களை அட்டையில் வரைந்து, ஒவ்வொன்றோடும் ஒரு சரத்தைக் கட்டினேன். முப்பதில் ஒரு மணி மாறினால் ஏறத்தாழ 3 விழுக்காடு. ஒரு மணி வரை மாறினால் ஒரே குழு, அதற்கு மேல் என்றால் வேறு குழு என்று விதி.

முதல் இரண்டு அட்டைகளில் படங்கள் வேறு, சரங்கள் ஒன்று. அவை ஒரே சிற்றினத்தின் ஆணும் பெண்ணும். அடுத்த இரண்டில் படங்கள் ஒன்றுபோல இருக்கும், சரத்தில் ஐந்து மணிகள் வேறு. கடைசி இரண்டில் சரங்கள் ஒன்று, வயிற்றின் நுனி மட்டும் வேறு வடிவம். மாணவர்கள் முதல் நான்கையும் எளிதாக முடித்துவிட்டார்கள். கடைசி இரண்டில் வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மணிதான் சரி என்று பாதிப்பேர், படம்தான் சரி என்று மீதிப்பேர். வழக்கமாகப் பேசாத பையன் ஒருவன் எழுந்து, "சார், ரெண்டு ஈயை வச்சு எப்படிச் சொல்றது? இன்னும் நாலு ஈ வேணும்" என்றான். எனக்கு அந்த ஒரு பாடவேளையே போதும் என்றிருந்தது.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. சன்னல் ஓரத்தில் செத்துக் கிடக்கும் பூச்சிகளின் இறக்கைகளை எண்ணச் சொல்லுங்கள். தேனீக்கு நான்கு, ஈக்கு இரண்டு. தேனீ மாதிரியே மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு பூவில் உட்காரும் ஈ ஒன்று உண்டு. அதற்கும் இரண்டுதான். பின் இறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல இரண்டு சிறு உறுப்புகள் இருக்கும், பறக்கும்போது சமநிலை காக்க. உயிருள்ளவற்றைப் பிடிக்க வேண்டாம். கையால் தொடாமல் தாளில் எடுத்து, லென்சில் பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

அந்த மாணவியை நான் மறுபடியும் பார்த்தேன். இப்போது கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். பேருந்து நிறுத்தத்தில் அவளே வந்து வணக்கம் சொன்னாள். எனக்கு உடனே தீப்பெட்டி நினைவு வந்தது. "அன்னைக்கு நீ கொண்டுவந்தது வேற ஈம்மா. நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவள் சிரித்தாள். "கடிச்சது எனக்குத்தானே சார், அப்பவே தெரியும்" என்றாள். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

தெரிந்திருந்தும் அன்றைக்கு அவள் ஏன் மறுத்துப் பேசவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நான் ஆசிரியர், கையில் பாடநூல் இருந்தது, அவள் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் காரணம்.

இப்போது எங்கள் அறிவியல் ஆய்வகத்தில் ஓர் அலமாரித் தட்டை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அதில் தீப்பெட்டிகள் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் செய்வதைப்போலவே ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுகிறோம். இடம், நாள், கண்டெடுத்தவர், பெயர் என்று நான்கு வரிகள். முதல் மூன்று வரிகளை மாணவர்கள் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். நான்காவது வரியில் பெரும்பாலான சீட்டுகளில் 'இன்னும் தெரியவில்லை' என்று இருக்கிறது. அந்தச் சீட்டுகளில் சில என் கையெழுத்தில் இருக்கின்றன.